பின்னால் ஒரு ஆள் நின்றால் போதுமா?

எட்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறீர்கள், பெஞ்ச் பிரஸில் (பெஞ்சில் மல்லாந்து படுத்து, ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) 70 கிலோவைத் தொட்டுவிட்டீர்கள். கூடவே வந்து பின்னால் நின்றுகொண்டிருந்த நண்பர் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஒரு மாஸ்டர் 'ஆள் இல்லாமல் பெஞ்சில் படுக்கவே கூடாது' என்கிறார், இன்னொருவர் 'ஸ்பாட்டரை (தூக்க முடியாமல் போனால் கைகொடுக்க நிற்பவரை) நம்பிப் பழகினால் உடம்பில் பலமே ஏறாது' என்கிறார். இனி தனியாகக் கனமாகத் தூக்கலாமா, தெரியாதவர்களைக் கூப்பிட்டு நிற்கவைக்கலாமா என்பது நீங்கள் கேட்டது. ரெப் (ஒரு முறை இறக்கித் தூக்குவது) பாதியில் நின்றுவிட்டால் என்னைக் காப்பாற்றப்போவது எது என்ற பயம்தான் அதற்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது. அதற்கே பதில் சொல்கிறேன்.

பதினாறு வருடமாக எடை தூக்குகிறேன், அதில் ஒன்பது வருடமாக மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பவர்லிஃப்டிங் போட்டிகளில் தூக்கியும் இருக்கிறேன், மேடையில் ஸ்பாட்டராக நின்றும் இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் தோள்வலி, முதுகுவலி பக்கம் போகமாட்டேன். சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான்: முதலில் இரும்பை நம்புங்கள், அப்புறம் ஆளை நம்புங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

பெஞ்சில் இரண்டு விதமாகத் தோற்கலாம். ஒன்று, மெதுவாக. ராடு நெஞ்சிலிருந்து ஒரு சாண் ஏறும், அங்கேயே நின்று நடுங்கும், அப்புறம் மெல்ல இறங்கத் தொடங்கும். இதற்கு இரண்டு மூன்று வினாடி ஆகும். பின்னால் நிற்பவர் பார்த்து, புரிந்துகொண்டு, கையைக் கொடுக்கத் தாராளமாக நேரம் இருக்கிறது. இன்னொன்று, திடீரென்று. வியர்வையில் கை வழுக்குகிறது, மணிக்கட்டு மடங்குகிறது, தோளில் ஏதோ சுரீரென்று பிடிக்கிறது. கையை முழுதாக நீட்டியிருக்கும்போது ராடு நெஞ்சுக்கு மேலே ஏறக்குறைய 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விட்டால் கீழே வர 0.3 வினாடிகூட ஆகாது, 70 கிலோவானாலும் 7 கிலோவானாலும் கணக்கு ஒன்றுதான். கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கையை அசைக்க ஆரம்பிக்கவே நமக்கு 0.2 வினாடிக்கு மேல் பிடிக்கிறது. மீதி நேரத்தில் குனிந்து, பிடித்து, விழுகிற 70 கிலோவை நிறுத்தவும் வேண்டும். நடக்காது. எவ்வளவு பலசாலி நின்றாலும் நடக்காது.

இதை நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, முதலில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான்கைந்து வருடம் முன்பு என்னிடம் பயிற்சி எடுத்த ஒரு தம்பிக்கு ஸ்பாட் செய்துகொண்டிருந்தேன். என் இரண்டு உள்ளங்கையும் ராடுக்கு அடியில், நான்கு விரல் இடைவெளியில் இருந்தன. கண்ணும் ராடு மேலேதான். மூன்றாவது ரெப்பில் அவன் இடது கை நழுவியது. கண் சிமிட்டினேனா என்றுகூடத் தெரியாது, 'டங்' என்று சத்தம் கேட்டது. ராடின் இடப்பக்கம் சேஃப்டி பின் மேல் (ராடு விழுந்தால் தாங்குவதற்காக இரு பக்கமும் துளையில் செருகிவைக்கும் இரும்புக் கம்பி) உட்கார்ந்திருந்தது. என் கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பின்னில் பெயின்ட் உரிந்த இடம் இன்றைக்கும் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

பின் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2009 செப்டம்பரில், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஸ்டாஃபன் ஜான்சன் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது ராடு கையை விட்டு நழுவித் தொண்டையில் விழுந்தது. தொண்டை நசுங்கி, பல மணி நேரம் அறுவை சிகிச்சை நடந்து, பிழைத்தார். அவர் தனியாக இல்லை, பக்கத்திலேயே ஆள் இருந்தார்.

நழுவுவதற்கு முதல் மருந்து கட்டைவிரல். ராடைச் சுற்றிக் கட்டைவிரலைப் போடாமல், ஐந்து விரலையும் ஒரே பக்கம் வைத்துத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள், மணிக்கட்டுக்குச் சுகமாக இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி பெஞ்ச் பிரஸில் கட்டைவிரல் ராடைச் சுற்றியே இருக்க வேண்டும், மற்றபடி பிடித்தால் அனுமதியே கிடையாது. நான் சொன்ன அந்தத் தம்பியும் அன்று கட்டைவிரலைச் சுற்றாமல்தான் பிடித்திருந்தான். கவனித்துச் சொல்லாதது என் தப்பு.

இப்போது மெதுவாகத் தோற்பதற்கு வருவோம், ஏனென்றால் உங்களுக்கு நடக்கப்போவது பெரும்பாலும் அதுதான். இங்கே ஸ்பாட்டர் பொன் போன்றவர். அவர் 70 கிலோவையும் தூக்கவேண்டியதில்லை. நின்றுபோன இடத்தில் உங்களுக்குக் குறைவது மூன்று கிலோவாகவோ ஐந்து கிலோவாகவோ இருக்கும், அதைக் கொடுத்தால் ராடு ஏறிவிடும். ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். அவர் கை வைத்ததும் நீங்கள் கையைத் தளர்த்திவிடக் கூடாது. பெஞ்சின் தலைமாட்டில் நிற்பவர் குனிந்து, கையை முன்னே நீட்டித் தூக்குகிறார். அந்த நிலையில் அவர் முதுகுக்கு வசதியே இல்லை. 'அப்பாடா, வந்துட்டாரு' என்று நீங்கள் விட்டுவிட்டால் முழு எடையும் அவர் இடுப்பில் இறங்கும், ராடு உங்கள் நெஞ்சில் இறங்கும். ரேக்கில் போய் உட்காரும் வரை தள்ளிக்கொண்டே இருங்கள்.

ஆள் இல்லாத நாளில் இந்த வேலையைச் செய்வது பவர் ரேக்கின் (தூண்களில் துளைகள் உள்ள இரும்புக் கூண்டு) சேஃப்டி பின்தான். பெஞ்சை ரேக்கின் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பின் உயரத்தைக் கண்ணால் பார்த்து வைக்காதீர்கள். படுத்து, கனமான செட்டில் (இடைவிடாமல் செய்யும் சில ரெப்) எப்படி நெஞ்சை நிமிர்த்தி வைப்பீர்களோ அதே மாதிரி வைத்து, வெறும் ராடை இறக்குங்கள். ராடு நெஞ்சைத் தொட வேண்டும், பின்னில் இடிக்கக் கூடாது. அப்புறம் மூச்சை முழுக்க விட்டு, முதுகைப் பெஞ்சில் தட்டையாகப் படியவிடுங்கள். இப்போது ராடு பின் மேல் உட்கார்ந்து நெஞ்சுக்கு மேலே ஒரு விரல் இடைவெளியாவது தெரிய வேண்டும். கடைசியாக, அதே ராடைப் பின் மேலேயே தொண்டைப் பக்கம் உருட்டிப் பாருங்கள். தொண்டையும் முகமும் ராடுக்குக் கீழே இருக்க வேண்டும், தொடவே கூடாது. ஒரு துளை கீழே வைத்தால் ராடு தொண்டையைத் தொடுகிறது, மேலே வைத்தால் நெஞ்சு வரை இறங்கவில்லை என்ற சிக்கல் சில ரேக்குகளில் வரும். துளைகளுக்கு இடையே தூரம் அதிகமாக இருந்தால் அப்படித்தான். கீழ்த் துளையிலேயே வைத்தால் தொண்டைக்குக் காப்பு இல்லை, அதைச் செய்யாதீர்கள். மேல் துளையில் வைத்துவிட்டு, பெஞ்சின் எல்லாக் கால்களுக்கும் அடியில் ஒரே கனத்தில் ரப்பர் மேட் போட்டுப் பெஞ்சை உயர்த்தினால் சரியாகிவிடும். பெஞ்சு ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ரேக்கை நான் இங்கிருந்து பார்க்க முடியாது, எண்ணைச் சொல்லவும் முடியாது.

ரேக்கே இல்லை, வெறும் பெஞ்சும் இரண்டு தாங்கியும் மட்டும்தான் என்றால்? தனியாக இருக்கும் நாளில் அந்தப் பெஞ்சில் கனமான செட் வேண்டாம் என்பது என் கருத்து. டம்பெல் இருக்கிறதே. டம்பெல்லில் தோற்றால் இரண்டு பக்கமும் இறக்கிவிடலாம், தொண்டைக்குக் குறுக்கே எதுவும் வராது. ராடுதான் வேண்டும் என்றால், இன்னும் இரண்டு மூன்று ரெப் வரும் என்று உறுதியாகத் தெரியும்போதே ராடை வைத்துவிடுங்கள். புதியவர்களுக்கு இந்தக் கணக்கு தப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எட்டு மாதத்தில் எனக்கும் தப்பியது.

அந்தக் கதை இது. ராத்திரி நேரம், ஜிம்மில் கண்ணாடி துடைக்கிறவர் மட்டும் தூரத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். 80 கிலோ, இரண்டு பக்கமும் தட்டுகள் கழலாமல் பிடிக்கும் லாக்கைத் திருகிப் போட்டிருந்தேன். ஐந்தாவது ரெப் நெஞ்சை விட்டு எழவில்லை. கத்தினால் கேட்கும், ஆனால் வெட்கம். ராடை நெஞ்சிலிருந்து வயிறு வழியாக இடுப்பு வரை உருட்டினேன். விலா எலும்பைத் தாண்டியதும் வயிற்றில் 80 கிலோ எப்படி இறங்கும் என்பதை எழுதிப் புரியவைக்க முடியாது. உட்கார்ந்து, எழுந்து, ராடைத் தரையில் வைத்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன். வயிற்றில் ராடின் சொரசொரப்பு வரி வரியாக ஒரு வாரம் இருந்தது. இந்த உருட்டும் வழி வேலை செய்யும், ஆனால் எடை ஏற ஏற வேலை செய்யாது. 100 கிலோவில் இதை யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

லாக் போடாமல் இருந்தால் ஒரு பக்கம் சாய்த்துத் தட்டுகளைச் சரியவிடலாமே என்று கேட்பார்கள். முடியும். ஒரு பக்கத் தட்டுகள் சரிந்த நொடியில் மறுபக்கம் கனத்து, ராடு விசுக்கென்று சுழலும். பக்கத்துப் பெஞ்சில் யாராவது படுத்திருந்தால் அவர் கதி என்ன? இருந்தாலும் பின்னும் இல்லை, ஆளும் இல்லை என்றால் நெஞ்சில் கிடப்பதைவிட இது மேல். அதனால் என் வழக்கம் இப்படி: பின் இருந்தால் லாக் போடுவேன், எதுவும் இல்லாமல் தனியாகப் படுத்தால் போடமாட்டேன். லாக்கை எப்போதும் போடச் சொல்கிற நல்ல பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள், லாக் இல்லாத தட்டு செட் நடுவிலேயே நகரும் என்பார்கள். அதுவும் உண்மைதான். இதில் நான் சொல்வதை ஒரு கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெஞ்ச் பிரஸுக்குச் சொன்னதெல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. டெட்லிஃப்டுக்கு (ராடைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கி நிமிர்வது) ஸ்பாட்டரே தேவையில்லை, வரவில்லை என்றால் தரையில் வைத்துவிடப் போகிறீர்கள். ராடைத் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ஆகியவற்றுக்கு ஸ்பாட்டர் நிற்பது ஆபத்து. ஒலிம்பிக் பளுதூக்குதலில் வீரர் 4 மீட்டருக்கு 4 மீட்டர் மேடையில் தன்னந்தனியாக நிற்கிறார், தூக்க முடியாவிட்டால் ராடை விட்டுவிட்டு விலகுகிறார். பவர்லிஃப்டிங் மேடையில் இதற்கு நேர் மாறாக குறைந்தது இரண்டு பேர், அதிகபட்சம் ஐந்து பேர் நிற்க வேண்டும் என்று விதி. ராடுக்கும் தரைக்கும் நடுவில் உங்கள் உடம்பு மாட்டிக்கொள்ளுமா என்பதுதான் வித்தியாசம். ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் மாட்டும். அங்கே நீங்கள் இறங்கும் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பின்னை வைத்துவிட்டால், எழ முடியாதபோது அப்படியே உட்கார்ந்து ராடைப் பின்னில் இறக்கிவிட்டு முன்னால் நகர்ந்து வரலாம். ஆள் நிற்பதென்றால் ஒருவர் பின்னாலிருந்து மார்பைச் சுற்றிப் பிடிப்பார், அல்லது இருவர் ராடின் இரு முனையில் நிற்பார்கள். இருவர் என்றால் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒருவர் முந்தினால் முதுகின் மேல் ராடு திருகும், அது தோற்பதைவிட மோசம். டம்பெல் பிரஸில் முழங்கையைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கையைத் தாங்கினால் கை அதற்கு மேலே மடங்கி டம்பெல் முகத்துக்கு வரும், மணிக்கட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

ஸ்பாட்டரை நம்பினால் பலம் ஏறாது என்று சொன்ன மாஸ்டர் முழுக்கத் தப்பில்லை. அவர் மனதில் இருப்பது ஒரு குறிப்பிட்ட ஆசாமி என்று நினைக்கிறேன், எல்லா ஜிம்மிலும் ஒருவர் உண்டு. 'நீதான், நீதான், ஃபுல்லா நீதான்' என்று கத்திக்கொண்டே முதல் ரெப்பிலிருந்து ராடைக் கையால் இழுப்பார். படுத்திருப்பவர் 90 கிலோ போட்டேன் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்வார். நிற்பவருக்கு மட்டும் தோள் நன்றாக வளரும். போட்டியில் நடுவர் தொடங்கச் சொன்னதற்கும் ராடைத் தாங்கியில் வைக்கச் சொல்வதற்கும் நடுவில் ஸ்பாட்டர் விரல் ராடில் பட்டாலே அந்த முயற்சி செல்லாது. ஜிம்மிலும் அதே கணக்கை வையுங்கள், கை பட்ட ரெப்பை நோட்டில் எழுதாதீர்கள்.

வெறுமனே ஆள் நிற்பதே நம்மை மாற்றுகிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சிறு குழு ஒன்றைப் பெஞ்ச் பிரஸ் செய்யவைத்தார்கள். ஒரு முறை ஸ்பாட்டர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள், இன்னொரு முறை திரைக்குப் பின்னால் மறைக்கப்பட்டிருந்தார்கள். தெரிந்தபோது அதிக ரெப் வந்தது, சிரமமும் குறைவாகத் தெரிந்ததாகச் சொன்னார்கள். குழு சிறியது, எல்லோருக்கும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. நண்பர் போனபின் உங்கள் 70 கிலோ முதல் சில வாரங்கள் 65 போல இறங்கினால் பதறாதீர்கள். பலம் எங்கும் போய்விடவில்லை, மனசு கொஞ்சம் பிரேக் போடுகிறது. இன்னொன்று, ஒவ்வொரு செட்டையும் ராடு நிற்கும் வரை தள்ளினால்தான் பலம் ஏறும் என்பதும் இல்லை. ஒன்றிரண்டு ரெப்பை மிச்சம் வைத்து நிறுத்துகிறவர்களும் பலத்தில் ஏறக்குறைய அதே அளவு முன்னேறுகிறார்கள் என்றுதான் ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன. ஆகவே பெரும்பாலான நாட்களில் உங்களுக்கு ஸ்பாட்டரே தேவைப்படாது. புதிய எடையை முயலும் நாளில், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, கூப்பிடுங்கள்.

தெரியாதவரைக் கூப்பிடத் தயக்கமாக இருக்கலாம். அவர் ஒரு செட்டை முடித்து மூச்சு வாங்கும்போது போய், 'அண்ணா, ஒரு செட் பின்னாடி நிக்கிறீங்களா?' என்று கேளுங்கள். மறுத்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் வந்து நின்றதும் உடனே படுத்துவிடாதீர்கள், நான்கு விஷயம் பேசுங்கள். எத்தனை ரெப் முயலப்போகிறீர்கள், தாங்கியிலிருந்து எடுக்க அவர் கை கொடுக்க வேண்டுமா, எந்த எண்ணிக்கையில் எடுப்பது, எப்போது தொட வேண்டும். என்னுடைய வாசகம் இது: 'மூணு ரெப். நான் ஒண்ணு ரெண்டு மூணு சொன்னதும் எடுத்துக்கொடுங்க. ராடு நின்னாலும் தொடாதீங்க, கீழே இறங்க ஆரம்பிச்சா இல்ல நான் எடுன்னு சொன்னா பிடிங்க.' அவர் ஒரு உள்ளங்கை மேலே பார்த்தும் ஒரு உள்ளங்கை கீழே பார்த்துமாக, உங்கள் இரு கைகளுக்கு நடுவில் பிடிக்கட்டும். பேசும்போது அவர் கண் போனில் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆள் கிடைத்தாலும் பின்னைக் கழற்றாதீர்கள்.

நாளைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வெறும் 20 கிலோ ராடோடு ரேக்குக்குள் படுத்து, வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள். நெஞ்சில் இறக்கி, மூச்சை விட்டு, முதுகைத் தட்டையாக்கி, ராடைப் பின் மேல் விட்டுவிட்டு அடியிலிருந்து நழுவி வெளியே வாருங்கள். ஐந்து முறை செய்தால் உடம்புக்கு வழி தெரிந்துவிடும். சரியான துளை எது என்று தெரிந்ததும் அதன் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். எங்கள் ரேக்கில் இப்போது அப்படி ஆறு டேப் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரின் முதல் எழுத்து.